இடமா, காரணமா? கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்றும் திசுக் குறிப்பான்களும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. கருப்பை வாயின் வெளிப்புறத்தைத் தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. அங்கிருந்து கருப்பைக்குள் செல்லும் குறுகிய கால்வாயின் சுவரில் சளி சுரக்கும் தூண் வடிவச் செல்கள் உள்ளன. தட்டைச் செல்லில் தொடங்கும் புற்றே எங்கும் பெரும்பான்மை. சளிச் செல்களில் தொடங்குவது சுரப்பிப் புற்று. மருத்துவர்கள் அதை அடினோகார்சினோமா என்பார்கள். 2022ஆம் ஆண்டுக்கான குளோபோகான் என்ற உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்று புதிதாக வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் அதனால் இறந்தார்கள். இவர்களுள் சுரப்பிப் புற்று உள்ளவர்கள் சிறு பங்கினரே. ஆனால் கருப்பை வாய்ச் செல்களைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் பரிசோதனை பல பத்தாண்டுகளாக வேரூன்றிய மேற்கு நாடுகளில், தட்டைச் செல் புற்று சரிந்த வேகத்தில் சுரப்பிப் புற்று சரியவில்லை. கால்வாயின் உள்ளே ஒளிந்து வளரும் சுரப்பிப் புற்றைப் பாப் பரிசோதனை எளிதில் பிடிப்பதில்லை. அதனால் அந்நாடுகளில் இன்று கருப்பை வாய்ப் புற்றுகளில் ஐந்தில் ஒன்று, சில இடங்களில் நான்கில் ஒன்று இந்த வகை. பரிசோதனைத் திட்டங்கள் வளர வளர இங்கும் இதன் பங்கு கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

இந்தப் புற்றைப் புரிந்துகொள்ள நோய்க்கூறியலாளர்கள் நம்பியிருக்கும் முக்கியக் கருவிகளில் ஒன்று திசுக் குறிப்பான். செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் திசுச் சீவலின் மேல் இட்டு, அது பற்றிய இடத்தில் பழுப்பு நிறம் தோன்றச் செய்கிறார்கள். அந்தப் புரதம் எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பகுதியில், எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது நுண்ணோக்கியில் தெரிந்துவிடும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இப்படிப் பல பத்துக் குறிப்பான்கள் கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்றில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. சில நிலைத்தன, பல மறைந்தன. எவை நிலைத்தன, ஏன் நிலைத்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புற்று எங்கே முளைத்தது என்பதை மட்டும் சுட்ட முயன்ற குறிப்பான்கள் தடுமாறின. அது எதனால் முளைத்தது என்பதோடு பிணைந்த குறிப்பான்களே நோயைப் பற்றிய நம் அறிவை மாற்றின. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் குறிப்பான்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

இடத்தைத் தேடிய காலம்

ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஏற்றித் திசுவில் ஒரு பொருளைத் தேடலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் காட்டினார். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பற்றும் ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு உருவாக்கும் வழியைக் கண்டபோது, இந்த முறை ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு வரும் வாய்ப்புப் பெற்றது. ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் புதைத்த திசுவில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து மறைந்துவிடுவதுதான் மிஞ்சியிருந்த தடை. சீவல்களை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் அவை மீண்டும் வெளிப்படும் என்று 1991இல் தெரியவந்ததும் அந்தத் தடையும் பெரிதளவு நீங்கியது. மருத்துவமனை அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த மெழுகுக் கட்டிகள் எல்லாம் அதன்பின் ஆராயத்தக்க ஆவணங்களாகின.

கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்றில் இந்தக் கருவியிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. பயாப்ஸியில் கிடைக்கும் சிறு துணுக்கில் சுரப்பிப் புற்று தெரிகிறது. அது கருப்பை வாயில் தொடங்கியதா, கருப்பையின் உள்சுவரில் தொடங்கிக் கீழே இறங்கியதா என்பது தெரிவதில்லை. முதலாவது என்றால் கருப்பையைச் சுற்றியுள்ள திசுக்களோடு சேர்த்து விரிவாக அறுவை செய்யவோ, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கவோ வேண்டியிருக்கும். இரண்டாவது என்றால் பெரும்பாலும் எளிய கருப்பை நீக்கம் போதும். இந்த முடிவுக்கு உதவ மூன்று குறிப்பான்கள் வழக்கத்துக்கு வந்தன. கருப்பை உள்சுவர்ப் புற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் விமென்டினும் சாயமேறும், சி.இ.ஏ. என்ற புரதம் ஏறாது, கருப்பை வாய்ப் புற்றில் இது தலைகீழாக இருக்கும். இலக்கண விதி போலச் சுருக்கமான இந்தச் சூத்திரம் வகைமாதிரியான புற்றுகளில் நன்றாகவே பொருந்தியது.

ஆனால் ஐயம் வருவது வகைமாதிரியான புற்றுகளில் அல்ல. கருப்பை உள்சுவரில் தோன்றும் புற்று சளி சுரக்கத் தொடங்கினால் அதிலும் சி.இ.ஏ. ஏறுகிறது, அது முற்றி உருக்குலைந்தால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை இழக்கிறது. மறுபக்கம், கருப்பை வாய்ப் புற்றுகளில் சில அந்த ஏற்பியைச் சற்றே தக்கவைத்துக்கொள்கின்றன. எந்த உறுப்பில் பிறந்தது என்பதை இந்தப் புரதங்கள் நேரடியாகச் சொல்வதில்லை; செல் இப்போது எந்த வகைச் செல்லாக நடந்துகொள்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. பிறப்பிடமும் நடத்தையும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் சூத்திரம் பயன்பட்டது. அவை பிரியும் இடத்தில், அதாவது மருத்துவருக்கு உதவி மிகவும் தேவைப்படும் இடத்தில், அது கைவிட்டது. மேலும் ஒரே குறிப்பானுக்கு ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமான சதவீதத்தைத் தந்தது. எத்தனை செல்லில் ஏறினால் ‘உண்டு’ என்று கணக்கிடுவது என்ற எல்லைக்கோடே ஆய்வுக்கு ஆய்வு மாறியதும் அதற்கு ஒரு காரணம்.

காரணத்தோடு பிணைந்த குறிப்பான்

பி16 என்ற புரதம் இந்த நிலையை மாற்றியது. அதன் வலிமையை அறிய, மனித பாப்பிலோமா வைரஸ் (எச்.பி.வி.) செல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் எச்.பி.வி. 16ஐயும் அடுத்த ஆண்டு எச்.பி.வி. 18ஐயும் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து பிரித்தெடுத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் இ7 என்ற புரதம், செல் பிளவுபடுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. இயல்பான செல்லில் ஆர்.பி. புரதம்தான் பி16இன் உற்பத்தியை அடக்கி வைக்கிறது. அந்த அடக்குமுறை நீங்கியதும் பி16 பெருகுகிறது. பெருகியும் பிளவுபடுவதைத் தடுக்க முடிவதில்லை, ஏனென்றால் அது எதன் வழியாகச் செயல்பட வேண்டுமோ அந்த ஆர்.பி.யையே வைரஸ் முடக்கிவிட்டது. ஆகவே புற்றுச் செல்களின் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் இடைவெளியின்றி அடர்த்தியாகப் பி16 தெரிந்தால், வைரஸ் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது வலுவான தடயம். சி.இ.ஏ.வுக்கும் பி16க்கும் உள்ள வேறுபாடு இதுதான்: பின்னதன் பொருளை விளக்க நம்மிடம் ஒரு காரணச் சங்கிலி இருக்கிறது.

காரணச் சங்கிலி தெரிந்தால் குறிப்பான் எங்கே தவறும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல முடியும். ஆர்.பி. வழியைக் குலைக்கும் எதுவும் பி16ஐப் பெருக்கக்கூடும். அதற்கு வைரஸ்தான் வேண்டும் என்றில்லை. கருப்பையின் சீரஸ் வகைப் புற்றில் எச்.பி.வி. இல்லாமலே பி16 அடர்த்தியாக ஏறுவது இதனால்தான். கருப்பை வாயின் சாதாரணச் சுரப்பிகள் கருக்குழாய்ச் செல்கள் போல மாறும்போதும் பி16 திட்டுத்திட்டாகத் தெரியும், அது புற்றல்ல. தைவானில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய மூன்று குறிப்பான்களோடு பி16ஐச் சேர்ப்பதால் கருப்பை வாய்ப் புற்றைக் கருப்பை உள்சுவர்ப் புற்றிலிருந்து பிரிப்பதில் கூடுதல் பயன் இல்லை என்று முடிவு கண்டது. இதைப் பி16இன் தோல்வி என்று படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பல நோயாளிகளின் சிறு திசு உருளைகளை ஒரே கட்டியில் அடுக்கிய முறையில் அந்த ஆய்வு நடந்தது. திட்டுத்திட்டான சாயத்துக்கும் இடைவெளியற்ற சாயத்துக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய சிறு உருளைக்குள் எளிதில் தொலைந்துவிடும். அதைவிட முக்கியம், வைரஸ் இருக்கிறதா என்று சொல்லக்கூடிய குறிப்பானிடம் உறுப்பு எது என்று கேட்டதுதான். கேள்வி பொருந்தாதபோது நல்ல சாட்சியும் தெளிவற்ற பதிலையே தரும்.

வைரஸ் இல்லாத புற்று

பி16ஐக் காரணத்தின் குறியாகப் படிக்கத் தொடங்கியதும், அது ஏறாத புற்றுகள் புதிய கவனம் பெற்றன. அவற்றுள் முதன்மையானது இரைப்பை வகைச் சுரப்பிப் புற்று. கருப்பை வாயில் தோன்றினாலும் இதன் செல்கள் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சுரப்பிகள் சுரக்கும் சளியைச் சுரக்கின்றன, எம்.யு.சி.6, எச்.ஐ.கே.1083 ஆகிய குறிப்பான்கள் இதைக் காட்டுகின்றன. ஜப்பானில் கோஜிமா, மிகாமி முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வகைப் புற்று உள்ளவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 30 சதவீதம் மட்டுமே. வழக்கமான கருப்பை வாய்ச் சுரப்பிப் புற்றில் இது 77 சதவீதமாக இருந்தது. பல இரைப்பை வகைப் புற்றுகளில் பி53 மரபணு பழுதுபட்டிருக்கிறது. அதைத் திசுவிலும் காணலாம்: பி53 புரதம் எல்லாச் செல்லிலும் அளவுமீறித் தெரியும், அல்லது முற்றிலும் மறைந்திருக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இரா. இவ்வகையின் மிக அமைதியான தோற்றம் கொண்ட வடிவம், சாதாரணச் சுரப்பி போலவே காட்சி தந்து, அறுவைக்குப் பின்பே புற்று என்று தெரியவரும் அளவுக்கு ஏமாற்றும். எஸ்.டி.கே.11 மரபணுப் பழுதால் வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோய் உள்ள பெண்களுக்கு இவ்வகைப் புற்று வரும் ஆபத்து கூடுதல்.

இவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி, ருமேனியாவின் சிமோனா ஸ்டோல்னிகு, நியூயார்க்கின் ராபர்ட் சோஸ்லோ உள்ளிட்ட பன்னாட்டுக் குழு 2018இல் புதிய வகைப்பாட்டை முன்வைத்தது. சளி எவ்வளவு, எந்த மாதிரி என்று பார்த்துப் பிரித்த பழைய முறையை விட்டு, எச்.பி.வி. சார்ந்தது, எச்.பி.வி. சாராதது என்று முதலில் இரண்டாகப் பிரித்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு இதை ஏற்றது. விளைவுகள் சிறியவை அல்ல. முன்பு ‘எண்டோமெட்ரியாய்டு’ என்று பெயரிடப்பட்ட கருப்பை வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவை சளி குறைந்துபோன சாதாரண எச்.பி.வி. வகையே என்று தெரிந்தது. கருப்பை வாயின் சீரஸ் புற்று என்ற தனி வகை நீக்கப்பட்டது. அப்படித் தெரிவது பெரும்பாலும் கருப்பையிலிருந்தோ கருக்குழாயிலிருந்தோ இறங்கி வந்தது. மீசோநெஃப்ரிக் புற்று, தெளிசெல் புற்று போன்ற அரிய வகைகள் எச்.பி.வி. சாராத பிரிவில் இடம்பெற்றன. கருவில் முளைத்து மறைய வேண்டிய ஒரு நாளத்தின் எச்சத்திலிருந்து தோன்றும் மீசோநெஃப்ரிக் புற்றைக் காட்டா3, டி.டி.எஃப்.-1 ஆகியவையும், தெளிசெல் புற்றை நாப்சின் ஏ-யும் அடையாளம் காண உதவுகின்றன. தோற்றத்தை மட்டும் நம்பி நீண்டகாலம் நின்ற பெயர்களைக் காரணத்தைச் சுட்டும் குறிப்பான்கள் இப்படிச் சில ஆண்டுகளில் திருத்திவிட்டன.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு, அந்த 2018 வகைப்பாட்டிலிருந்தே எழுகிறது. வழக்கமான இளஞ்சிவப்பு-ஊதாச் சாயமிட்ட சீவலைக் கொண்டே இந்தப் பிரிவைச் செய்யலாம் என்று அக்குழு காட்டியது: சுரப்பியின் குழிவுப் பக்கம் மிதப்பதுபோல் தெரியும் பிளவுபடும் செல்களும் மடியும் செல்களும் குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெளிவாகத் தென்பட்டால் அது எச்.பி.வி. வகை. அப்படியானால் குறிப்பான் எதற்கு? அனுபவமிக்க கண்ணுக்கு, முழுதாக வெட்டியெடுத்த கட்டியில், இது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணுக்கு அந்த அளவுகோல் கிடைத்ததே, வைரஸைத் தேடும் சோதனையோடும் குறிப்பான்களோடும் தோற்றத்தை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். நசுங்கிய சிறு துணுக்கில், செல்கள் பிளவுபடுவது தெரியாத இடத்தில், இரைப்பை வகையின் அமைதியான வடிவத்தில் கண் தயங்கும். தயக்கம் உள்ள இடத்தில் மட்டும் குறிப்பானை அழைப்பதே சரியான ஒழுங்கு. நுண்ணோக்கியில் பார்த்து ஒரு கருத்து உருவான பின் அதைச் சோதிக்கச் சாயம் வர வேண்டும். சாயத்தைப் பார்த்துக் கருத்தை உருவாக்கினால் தவறு நேரும்.

இரண்டாம் மறுப்பு நம்பகத்தன்மை பற்றியது. எச்.பி.வி. சாராத புற்றுகளிலும் சிலவற்றில் பி16 ஏறுகிறது, எச்.பி.வி. வகையிலும் சிலவற்றில் ஏறுவதில்லை. பழைய மெழுகுக் கட்டிகளில் வைரஸின் டி.என்.ஏ. சிதைந்துபோவதால், உலகெங்கும் திரட்டிய திசுக்களில் எச்.பி.வி. இல்லை என்று எண்ணப்பட்ட சிலவற்றில் உண்மையில் அது இருந்திருக்கலாம். இந்த மறுப்பு முழுக்க நியாயமானது. இதற்கான விடை, வைரஸின் இ6, இ7 மரபணுக்கள் உண்மையாகவே செயல்படுகின்றனவா என்பதை அவற்றின் ஆர்.என்.ஏ.வைத் திசுவிலேயே தேடிக் காட்டும் முறை. வைரஸ் சும்மா வந்து தங்கியிருப்பதற்கும் புற்றை நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது. பி16, பி53, ஏற்பிகள் ஆகியவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது இதையே நடுவராகக் கொள்ளலாம். ஒரு புரதத்தைத் தனியே நம்புவதைவிட, ஒரே காரணச் சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளை அளக்கும் சில புரதங்களைச் சேர்த்துப் படிப்பதில் தவறு குறையும். நான்கு குறிப்பான்கள் ஒரே திசையைக் காட்டினால் முடிவு உறுதி. ஒன்று விலகினால், விலகியதற்குக் காரணம் தேட வேண்டும்.

மூன்றாம் மறுப்புதான் கூர்மையானது: எந்த வகை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, சிகிச்சை ஒன்றுதானே? ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்க் கட்டி தட்டைச் செல் புற்று என்று பதிவானது. அவருடைய செல்களே ஹீலா என்ற பெயரில் உலக ஆய்வகங்களெங்கும் வளர்ந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே திசுவை மறுபடி பார்த்தபோது அது சுரப்பிப் புற்று என்று தெரிந்தது. பின்னர் அச்செல்களில் எச்.பி.வி. 18 இருப்பதும் தெரிந்தது. அன்று சரியான பெயர் தெரிந்திருந்தாலும் அவருக்கு அதே ரேடியம் சிகிச்சைதான் கிடைத்திருக்கும். இன்று அப்படியல்ல. இரைப்பை வகை சினைப்பைக்கும் வயிற்று உறைக்கும் பரவும் இயல்புடையது. ஆகவே இளம்பெண்ணாயினும் சினைப்பையை விட்டுவைப்பது பற்றிய முடிவு மாறுகிறது. எச்.பி.வி. வகையில், திசுவுக்குள் புற்று ஊடுருவும் பாங்கைக் கொண்டு எல்வியோ சில்வாவின் பெயரால் வழங்கும் ஏ, பி, சி பிரிப்பு உதவுகிறது. அதை முன்வைத்த 2013 ஆய்வின் 352 நோயாளிகளில், அழிவு ஊடுருவல் இல்லாத ஏ பாங்கினர் ஒருவருக்கும் நிணநீர்க்கணுவில் புற்று இல்லை. சி பாங்கினரில் 23.8 சதவீதத்தினருக்கு இருந்தது. குழந்தைப்பேற்றைக் காக்க விரும்பும் பெண்ணுக்குச் சிறிய அறுவை போதுமா என்ற பேச்சு இந்த அடிப்படையில்தான் தொடங்க முடியும்.

சிகிச்சைக்கான மருந்துகளும் இப்போது குறிப்பானின் பதிலைக் கேட்கத் தொடங்கிவிட்டன. முற்றிய கருப்பை வாய்ப் புற்றில் பெம்புரோலிசுமாப் மருந்தைச் சேர்ப்பதால் ஆயுள் நீள்கிறது என்று கீநோட்-826 ஆய்வு 2021இல் காட்டியது. இந்நிலையில் அம்மருந்தின் பயன்பாடு பி.டி.-எல்1 குறிப்பானோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எந்த உறுப்பில் தோன்றினாலும் ஹெர்2 புரதம் மிக வலுவாக ஏறும் திடக்கட்டிகளுக்கு, வேறு நல்ல வழி இல்லாதபோது டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகானைக் கொடுக்க 2024இல் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்தது. இரைப்பைப் புற்றில் இலக்காகிவிட்ட கிளாடின் 18.2 என்ற புரதம், கருப்பை வாயின் இரைப்பை வகையிலும் காணப்படுகிறது. வழக்கமான கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் சரிவர அடங்காத இவ்வகைக்கு இது ஆராயத்தக்க வழி. நோயின் பெயர் தெரிவதால் பயனில்லை என்ற வாதம் இங்கே வலுவிழக்கிறது.

நான்காவது மறுப்பு செலவு. மாவட்ட மருத்துவமனைகளில் சாயமேற்றும் வசதியே இல்லாதபோது நான்கு குறிப்பான்களைப் பற்றிப் பேசலாமா? பேசலாம். பத்து இருபது குறிப்பான்கள் தேவையில்லை. பெரும்பாலான ஐயங்களைப் பி16, பி53, இரு ஹார்மோன் ஏற்பிகள் ஆகிய நான்கும் தீர்த்துவிடும். ஆர்.என்.ஏ. சோதனை எஞ்சிய சிலருக்கு மட்டுமே வேண்டும். மெழுகுக் கட்டி அறை வெப்பத்திலேயே கெடாமல் பயணம் செய்யும். நோயாளி நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை, கட்டி போனால் போதும். மாவட்டத்தில் கட்டாயம் வேண்டியது, வெட்டிய திசுவைத் தாமதமின்றிச் சரியான ஃபார்மலினில் இடும் ஒழுக்கம். அங்கே தவறினால் எந்த உயர் ஆய்வகத்தின் சாயமும் அதைச் சரிசெய்யாது.

திசுவிலிருந்து திட்டத்துக்கு

காரணம் தெரிந்த வகைப்பாடு தனிநோயாளியோடு நின்றுவிடுவதில்லை. எச்.பி.வி. சார்ந்த சுரப்பிப் புற்றில் 16, 18, 45 ஆகிய மூன்று வகைகளே மிகப் பெரும்பங்கு வகிக்கின்றன. எச்.பி.வி. தடுப்பூசி அவற்றுள் முதலிரண்டையும் நேரடியாகத் தடுக்கிறது. நான்கு ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான முடிவின்படி, எச்.பி.வி. சோதனை பாப் பரிசோதனையைவிட 60 முதல் 70 சதவீதம் கூடுதலாக ஊடுருவும் புற்றிலிருந்து காத்தது. சுரப்பிப் புற்றில் இந்த நன்மை குறிப்பாகத் தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை நோயை 25 சதவீதமும் மரணத்தை 35 சதவீதமும் குறைத்தது என்று காட்டியது. தமிழ்நாடு பெருமைகொள்ளத்தக்க அந்த முறையும் கால்வாய்க்குள் இருப்பதைக் காண முடியாது. எச்.பி.வி. சோதனைக்கு மாற வேண்டும் என்பதற்குச் சுரப்பிப் புற்று ஒரு வலுவான காரணம். அதே நேரம், எச்.பி.வி. சாராத வகையைத் தடுப்பூசியும் தடுக்காது, வைரஸ் சோதனையும் காட்டாது. தடுப்பூசி வெற்றிபெறப் பெற எஞ்சும் நோயில் இந்த வகையின் பங்கு கூடும். நீர்போன்ற வெள்ளைப்படுதல் நீடிக்கும் பெண்ணிடம், எச்.பி.வி. இல்லை என்ற சீட்டைக் காட்டி ஆறுதல் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

ஆகவே இனிவரும் ஆய்வுகளிடம் மூன்று கோரிக்கைகளை வைக்க வேண்டியிருக்கிறது. புதிய குறிப்பானை முன்வைப்பவர்கள் அது எத்தனை சதவீதம் ஏறுகிறது என்பதோடு, அது ஏறுவதற்கான உயிரியல் காரணம் என்ன, எந்தக் கேள்விக்கு அது பதில் என்று சொல்ல வேண்டும். சிகிச்சை ஆய்வுகள் ‘அடினோகார்சினோமா’ என்ற ஒரே பெட்டியில் எல்லாரையும் போடுவதை நிறுத்தி, எச்.பி.வி. சார்ந்தவர்களையும் சாராதவர்களையும் பிரித்துக் கணக்கிட வேண்டும். இல்லையெனில் ஒரு பிரிவுக்கு உதவும் மருந்து மற்றப் பிரிவின் தோல்வியில் மறைந்துபோகும். நம் மருத்துவமனைகளின் நோய்க்கூறியல் அறிக்கைகள் சுரப்பிப் புற்று என்று எழுதுவதோடு நிற்காமல் அதன் காரணப் பிரிவையும் எழுத வேண்டும். அது பதிவேட்டுக்குச் சென்றால்தான் இங்கே எவ்வளவு நோய் தடுப்பூசியால் தடுக்கத்தக்கது, எவ்வளவு வேறு வழி தேடத்தக்கது என்பது தெரியும். ஒரு பெண்ணின் திசுவை வெட்டியெடுத்தவர்கள் அதிலிருந்து அறியக்கூடியதை அறிந்து அவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதற்குரிய கருவி கைக்கு வந்துவிட்டது. அதைச் சரியான கேள்வியோடு எடுப்பதே எஞ்சியிருக்கும் வேலை.